கோழி எருவின் தழைச்சத்து: ஊருக்கு ஊர் மாறும் வரவு

பால்பண்ணைக்கும் தீவனப்புல் சாகுபடிக்கும் கடன் வேண்டி வரும் திட்ட அறிக்கைகளில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. யூரியாவுக்குப் பதிலாக முட்டைக்கோழி எரு இடப்படும், ஒரு டன் எருவில் இத்தனை கிலோ தழைச்சத்து உண்டு, ஆகவே உரச்செலவில் ஆண்டுக்கு இத்தனை ரூபாய் மிச்சமாகும் என்பதே அவ்வரி. நிலம் மலைச்சரிவில் இருந்தாலும், கோடையில் கிணறு வற்றும் மானாவாரிக் காட்டில் இருந்தாலும், கால்வாய்ப் பாசனத்தில் இருந்தாலும் அந்த எண் மட்டும் மாறுவதில்லை. எங்கோ அச்சான ஒரு கையேட்டிலிருந்து எடுக்கப்பட்ட எண், எல்லா ஊர்க் கணக்கிலும் ஒரே வரவாக ஏறிவிடுகிறது. கடன் தவணையோ அந்த மிச்சத்தையும் நம்பியே வகுக்கப்படுகிறது. ஆகவே அந்த ஒரு வரியை இவ்விதழில் சற்றுப் பிரித்துப் பார்க்க விழைகிறோம்.

வணிகவியல் படித்து வங்கிக்கு வந்த நமக்கு உழவியல் பிறந்த வீடு அன்று. எனினும் நைட்ரஜன் எனும் தழைச்சத்தின் போக்கு, வரவு செலவுக் கணக்கைப் பெரிதும் ஒத்திருக்கிறது. எனவே அந்த வழியிலேயே செல்வோம்.

முதலில் கோழியின் கணக்கு. முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு 110 கிராம் தீவனம் உண்பதாகவும், அத்தீவனத்தில் 17 சதவீதம் புரதம் இருப்பதாகவும் கொள்வோம். புரதம் 18.7 கிராம். புரதத்தின் எடையை 6.25 ஆல் வகுத்தால் தழைச்சத்து கிடைக்கும். அது ஏறத்தாழ 3 கிராம். இது வரவு. செலவுப் பக்கத்தில் முட்டை நிற்கிறது. 55 கிராம் எடையுள்ள முட்டையில் 12 சதவீதம் புரதம் எனில், அதில் சுமார் 1.06 கிராம் தழைச்சத்து வெளியேறுகிறது. நூறு நாளில் தொண்ணூறு முட்டை என்று வைத்தால் நாளொன்றுக்கு 0.95 கிராம். எஞ்சிய 2 கிராமுக்குச் சற்று மேற்பட்ட அளவு எச்சத்தில் போகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ.

இந்த முக்கால் கிலோவை ஐரோப்பிய விதி ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண் விதிகள், ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்து என்ற வரம்பை வைத்து, அதற்கு ஈடாக 230 முட்டைக்கோழிகளைக் குறிப்பிட்டன. 170ஐ 230ஆல் வகுத்தால் கோழிக்கு 0.74 கிலோ வருகிறது. அமெரிக்க வேளாண் பொறியியலாளர்களின் தரநூலோ நாளொன்றுக்கு 1.6 கிராம் என்கிறது. அது ஆண்டுக்கு 0.58 கிலோ. நம் கணக்கில் புரதத்தை 17 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைத்துப் பாருங்கள். எச்சத்தில் போவது 1.7 கிராமாக இறங்கி, அமெரிக்க எண்ணின் அருகே வந்துவிடும். தீவனத்தில் வேண்டிய அமினோ அமிலங்களைத் தனியே சேர்த்து, மொத்தப் புரதத்தைக் குறைக்கும் பண்ணையில் எரு இப்படித்தான் மெலியும். ஆக, ஊர் மாறுவதற்கு முன்பே, தீவன மூட்டை மாறினாலே கணக்கு மாறுகிறது.

அடுத்து ‘ஒரு டன்’ என்ற சொல். எருவைப் பொறுத்தவரை டன் என்பது நம்பத்தகுந்த அலகு அன்று. பிரிட்டனின் உர வழிகாட்டி நூல் கோழி எருவை அதன் உலர்பொருள் அளவைக் கொண்டே வகைப்படுத்துகிறது. உலர்பொருள் 20 சதவீதமாக உள்ள ஈர எருவில் டன்னுக்கு 9.4 கிலோ தழைச்சத்து; 40 சதவீதத்தில் 19 கிலோ; 60 சதவீதத்தில் 28 கிலோ; 80 சதவீதத்தில் 37 கிலோ. ஒரே டன், நான்கு மடங்கு வேறுபாடு. ஈர எருவை வாங்குபவர் தண்ணீருக்கு லாரி வாடகை கொடுக்கிறார்.

அப்படியானால் காய்ந்த எருவை வாங்கினால் போதுமே என்று தோன்றும். இங்கேதான் நம் நாட்டு நிலைமை வேறுபடுகிறது. உயரமான கூண்டுக் கொட்டகைகளின் அடியில் எரு மாதக்கணக்கில் குவிந்து கிடக்கிறது. அது காய்வது உண்மை. ஆனால் காயும் காலம் முழுவதும் தழைச்சத்து காற்றில் கலந்துகொண்டே இருக்கிறது. கொட்டகைக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கும் நெடி, விற்பனைக்கு வரும் முன்பே கரைந்துபோகும் சரக்கின் நெடிதான். குளிர் நாட்டில் விரைவாக உலர்த்தப்பட்ட எருவின் எண்ணை, வெயில் நாட்டில் மெதுவாகக் காய்ந்த எருவுக்குப் பொருத்துவது தவறாகவே முடியும்.

அந்த நெடி எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்தால், பகுதிக்குப் பகுதி ஏன் வேறுபாடு என்பது தானே விளங்கும். பறவைகள் சிறுநீர் கழிப்பதில்லை; கழிவுத் தழைச்சத்தின் பெரும்பகுதியை வெண்ணிற யூரிக் அமிலமாக எச்சத்தோடு வெளியேற்றுகின்றன. ஈரமும் வெப்பமும் கிடைத்தால் நுண்ணுயிர்கள் அதை யூரியாவாகவும், பின்னர் அம்மோனியமாகவும் மாற்றுகின்றன. அம்மோனியம் மண்ணோடு ஒட்டி நிற்கும், புல்லுக்கு உணவாகும். ஆனால் மண் காரத்தன்மை உடையதாக இருந்தால் அது அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும். 25 பாகை செல்சியசில், கார அமில நிலை 7 எனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வாயு நிலையில் இருக்கும். 8 எனில் ஐந்து பங்கு. 9 எனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வெப்பம் கூடினால் இவை இன்னும் உயரும். முட்டை ஓட்டுக்காகக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்பு தாராளமாகச் சேர்க்கப்படுவதால், முட்டைக்கோழி எரு தானே காரத்தன்மை கொண்டது என்பதையும் மறக்கலாகாது.

இனி நிலங்களுக்கு வருவோம். 170 கிலோ என்ற புகழ்பெற்ற எண், ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் இயற்றிய நைட்ரேட் நெறிமுறையிலிருந்து வந்தது. வடமேற்கு ஐரோப்பாவின் புல்வெளிகளில் காற்றில் போவதைவிட நீரில் போவதே பெருங்கவலை. குளிர்காலத்தில் புல் உறங்கிவிடும், மழையோ ஓயாது. அந்த மாதங்களில் இட்ட எரு நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் இறங்கும். எனவே அங்கு எவ்வளவு இடலாம் என்பதோடு, எந்த மாதங்களில் இடக்கூடாது என்பதும் சட்டமாயிற்று. புல் நெடுங்காலம் வளரும் என்ற காரணத்தைக் காட்டி, அயர்லாந்தும் நெதர்லாந்தும் மேயும் கால்நடைகளின் எருவுக்கு 250 கிலோ வரை விலக்குப் பெற்றிருந்தன. ஒரே கண்டத்துக்குள்ளேயே எண் இப்படி வளைந்தது கவனிக்கத்தக்கது.

கோழிகளையே மேய்ச்சல் தரையில் விடும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஐரோப்பியச் சந்தை விதிப்படி திறந்தவெளிக் கோழி ஒன்றுக்கு 4 சதுர மீட்டர் வெளி வேண்டும். அதாவது ஹெக்டேருக்கு 2,500 கோழிகள். அவற்றின் எச்சம் முழுவதும் தரையில் விழுந்தால் 1,850 கிலோ தழைச்சத்தாகும். எந்தப் புல்லும் அதைத் தாங்காது. நல்லவேளையாக, கோழி இரவு முழுவதையும் பகலின் பெரும்பகுதியையும் கொட்டகைக்குள்ளேயே கழிக்கிறது. பத்தில் ஒரு பங்கு மட்டும் வெளியே விழுந்தால் 185 கிலோ. ஆனால் அந்த 185 கிலோவும் ஒரே சீராக விழுவதில்லை. கொட்டகை வாசலை ஒட்டிய தரை எச்சத்தால் வெந்து புல்லற்றுப் போகும்; வேலியோரப் புல்லுக்கு ஒன்றும் கிடைக்காது. சராசரி என்பது ஏமாற்றும் கணக்கு என்று வங்கியில் நாம் அறிந்திருப்பது இங்கும் பொருந்துகிறது.

நம் நாட்டில் அந்த ஐரோப்பியச் சூழலுக்கு ஓரளவு நெருங்கியது நீலகிரி. அங்கே குளிர்ச்சியான காற்று, அமிலத்தன்மை மிகுந்த மண், பரவலாகப் படர்ந்த கிக்குயு புல். அம்மோனியா பறப்பது குறைவு. சமவெளியில் சுமையாகும் எருவின் சுண்ணாம்புக்கூட அங்கு அமில மண்ணை ஆற்றும் மருந்தாகிறது. தழைச்சத்துக்காக வாங்கிய எரு, சுண்ணாம்புச் செலவையும் சற்றுக் குறைக்கிறது. ஆயினும் அங்குள்ள இழப்பு வேறு வாசல் வழியாகப் போகிறது. சரிவில் தூவிய எருவைப் பருவமழை ஒரே நாளில் ஓடையில் சேர்த்துவிடும். மார்கழிப் பனியில் புல் கருகும் காலத்தில் இட்டாலும் பயனில்லை.

அரியானாவில் பஞ்ச்குலா மாவட்டத்துப் பர்வாலா, வட இந்தியாவின் பெரிய முட்டைக்கோழி மையங்களில் ஒன்று. அம்மாநிலத்துச் சமவெளி மண் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. கோடை வெப்பமோ 40 பாகையைத் தாண்டும். வைகாசி வெயிலில் மேற்பரப்பில் தூவி, உழாமல் விடப்பட்ட எருவின் கதி சொல்ல வேண்டியதில்லை. குளிர்காலத்தில் இழப்பு குறையும் என்பது உண்மைதான். ஆனால் அப்பருவத்தின் முதன்மைத் தீவனம் பர்சீம். அது பயறு வகையைச் சேர்ந்தது. வேர் முடிச்சுகளால் காற்றிலிருந்தே தழைச்சத்தை ஈட்டிக்கொள்ளும். சொந்த வருமானம் உள்ளவருக்குக் கடன் கொடுப்பது போன்றதே அதற்குக் கோழி எரு இடுவது. அங்கே எருவுக்கு உரிய இடம் கோடைச் சோளம். அதுவும் மண்ணோடு கலந்து, உடனே நீர் பாய்ச்சினால்தான். ஆந்திரத்துக் கோதாவரி மாவட்டங்களிலும் முட்டைக்கோழி பெருகியிருக்கிறது. ஆனால் அவ்வட்டாரத்தில் எருவின் ஒரு பகுதி மீன் குளங்களுக்குப் போவதாலும், மேய்ச்சல் நிலம் அரிதாக இருப்பதாலும் அதை இங்கு விரிக்கவில்லை.

நாம் நின்று நோக்க வேண்டிய இடம் கொங்கு வட்டாரம். நாமக்கல்லின் முட்டைக்கோழிப் பண்ணைகளும், காங்கயத்தைச் சுற்றிய கொறங்காடு மேய்ச்சல் நிலங்களும் ஒன்றுக்கொன்று எட்டும் தொலைவில் இருக்கின்றன. கொறங்காடு என்பது முள்கிளுவை வேலியால் அடைக்கப்பட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிறைந்து, தலைமுறைகளாகப் பேணப்பட்டு வரும் தனியார் மேய்ச்சல் நிலம். காங்கயம் மாடுகள் அதில் வளர்ந்தவை. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியது. அதுவும் சில வாரங்களில் கொட்டித் தீர்வது.

அத்தகைய நிலத்தில், ஒரு சுமாரான ஆண்டில், ஏக்கருக்கு ஒரு டன் உலர்புல் விளைவதாகக் கொள்வோம். புல்லில் தழைச்சத்து 1.2 சதவீதம் எனில், அவ்வாண்டு புல் எடுத்துக்கொள்வது 12 கிலோ. ஹெக்டேருக்கு 30 கிலோ. ஐரோப்பிய வரம்பு 170. கோழிக் கணக்கில் சொன்னால், அங்கே ஏக்கருக்கு 93 கோழிகள், இங்கே 16. பாதித் தழைச்சத்து காற்றில் போய்விடும் என்று வைத்து இரட்டித்தாலும் 32க்கு மேல் ஏறாது. அதற்கு மேல் கொட்டும் எரு புல்லாக மாறுவதில்லை. ஏனெனில் கொறங்காட்டில் பற்றாக்குறை தழைச்சத்து அன்று, மழை. மழை வராத ஆண்டில் இடும் எரு, கணக்கே இல்லாதவர் பெயரில் செலுத்திய தொகை போல நிற்கும்.

அதே வட்டாரத்தில் நல்ல கிணறு உள்ளவரின் நிலை முற்றிலும் வேறு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 375 முதல் 400 டன் வரை பசுந்தீவனம் தரவல்லது எனக் குறிக்கப்படுகிறது. உழவர் வயலில் அதில் பாதி, 200 டன் மட்டுமே விளைவதாகக் கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு உலர்பொருள் என்றால் 40 டன், அதில் 1.5 சதவீதம் தழைச்சத்து எனில் 600 கிலோ. கொறங்காட்டைப் போல இருபது மடங்கு. ஒரே மாவட்டம், ஒரே வெயில், ஒரே பண்ணையின் எரு. நடுவில் ஒரு கிணறு. பகுதிவாரி ஒப்பீடு என்றவுடன் மாநிலங்களையும் நாடுகளையும் எண்ணுகிறோம். உண்மையான எல்லைக்கோடு பல வேளைகளில் வரப்பிலேயே ஓடுகிறது என்பது நம் கருத்து.

மேயும் நிலத்துக்கும் அறுக்கும் நிலத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் திட்ட அறிக்கைகள் கவனிப்பதில்லை. அறுத்துத் தொழுவத்துக்குக் கொண்டுபோகும் புல்லோடு தழைச்சத்து முழுவதும் வயலை விட்டு வெளியேறுகிறது. அதை ஈடுசெய்ய வேண்டும். மாடு நின்று மேயும் தரையிலோ, அது உண்ட தழைச்சத்தின் பெரும்பகுதி சாணமாகவும் கோமியமாகவும் அங்கேயே திரும்பி விழுகிறது. பாலாகவும் உடலாகவும் வெளியேறுவது சிறு பங்கே. ஆகவே மேய்ச்சல் நிலத்துக்கு வெளியிலிருந்து வேண்டுவது, மேலே சொன்ன 12 கிலோவைக் காட்டிலும் குறைவு.

இப்போது பணத்துக்கு வருவோம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ தழைச்சத்து உண்டு. வேம்புப் பூச்சுக் கட்டணமும் வரியும் நீங்கலாக அரசு நிர்ணயித்த விலை 242 ரூபாய். மானியத்தால் ஒரு கிலோ தழைச்சத்து 12 ரூபாய்க்கும் குறைவாகவே உழவருக்குக் கிடைக்கிறது. 60 சதவீதம் உலர்ந்த, டன்னுக்கு 28 கிலோ தழைச்சத்துள்ள நல்ல எருவில், பாதி புல்லைச் சேருவதாகக் கொண்டால் 14 கிலோ. யூரியா விலையில் அதன் மதிப்பு ஏறத்தாழ 164 ரூபாய். பத்து டன் லாரிக்கு 1,640 ரூபாய். எருவின் விலை, ஏற்றுகூலி, இறக்குகூலி, லாரி வாடகை இவை அனைத்தும் அந்தத் தொகைக்குள் அடங்கும் ஊர், பண்ணைக்கு மிக அருகில் உள்ள ஊராக மட்டுமே இருக்க முடியும். ‘உரச்செலவில் மிச்சம்’ என்ற வரி பல அறிக்கைகளில் தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

இதனால் கோழி எரு பயனற்றது என்று கொள்ளவேண்டாம். அதில் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் உண்டு. மண்ணின் கரிமச்சத்தைப் பெருக்கும் ஆற்றலும் உண்டு. அவற்றை அந்தந்தத் தலைப்பில் எழுதிக் காட்டினால் திட்டம் நிற்கும். தழைச்சத்தின் பெயரில் எல்லாவற்றையும் ஏற்றினால் நிற்காது.

மிகுதியாக இடுவதால் பணம் மட்டும் வீணாகும் என்றால் அது தாங்கக்கூடிய இழப்பே. ஆனால் சோளம், கம்பு, மக்காச்சோளம், நேப்பியர் போன்ற தீவனங்கள், எரு மிகுந்து நீர் குறைந்த காலத்தில் நைட்ரேட்டைத் தண்டில் தேக்கிக்கொள்கின்றன. தண்டின் அடிப்பகுதியில் அது மிகுதி. மாட்டின் முதல் இரைப்பையில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி இரத்தத்தில் கலந்தால், இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்கிறது. மூச்சுத் திணறல், நடை தள்ளாட்டம், பழுப்பேறிய இரத்தம். சில மணி நேரத்தில் இறப்பு நேரலாம். நெடிய வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையை அடுத்த சில நாட்கள் குறிப்பாக ஆபத்தானவை. பசுமை திரும்பிவிட்டதே என்று உடனே அறுத்துப் போடும் நாட்களும் அவைதாம். கடனில் வாங்கிய கறவை மாடு ஒன்று இவ்விதம் இறந்தால், அக்குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு போய்விடும். ஐயமிருந்தால் உயர்த்தி அறுப்பதும், உலர்ந்த வைக்கோலோடு கலந்து சிறுகச் சிறுகக் கொடுப்பதும், கால்நடை மருத்துவரை உடனே அழைப்பதும் இழப்பைத் தவிர்க்கும் வழிகள்.

எருவோடு செத்த கோழியின் உடற்பகுதிகள் கலந்து வந்தால், மேயும் மாடுகளுக்குப் பாட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோய் வரக்கூடும். மேய்ச்சல் தரைக்கு இடும் எரு நன்கு மக்கியதாகவும், பிணக்கலப்பு அற்றதாகவும் இருப்பதை வாங்கும்போதே உறுதி செய்யவேண்டும். கிணற்று நீரும் கவனிக்கத்தக்கது. இந்தியத் தர அமைவனம் குடிநீரில் நைட்ரேட்டுக்கு வகுத்த வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். பல ஆண்டுகளாக எரு குவிக்கும் களத்தின் அருகே குடிநீர்க் கிணறு இருப்பின், கைக்குழந்தை உள்ள வீட்டார் அந்நீரைச் சோதித்துக்கொள்வது மிக அவசியம்.

ஆகவே எருவைச் சார்ந்த தீவனத் திட்டத்தோடு கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள், மண் வள அட்டையை உடன் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். கார அமில நிலையும் கரிமச்சத்தும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். வாங்கவிருக்கும் பண்ணையின் எருவில் ஒரு கைப்பிடியன்று, குவியலின் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்த மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்து, ஈரப்பதத்தையும் தழைச்சத்தையும் அறிந்து எழுதுங்கள். நிலம் மேய்வதா அறுப்பதா, நீர் எத்தனை மாதம், எருவை எந்த மாதத்தில் இட்டு எத்தனை மணி நேரத்துக்குள் உழுவீர்கள் என்பவற்றையும் குறிப்பிடுங்கள். இவ்விவரங்களுடன் டன்னுக்கு 9 கிலோ என்று வரும் அறிக்கை, இவை ஏதுமின்றி 37 கிலோ என்று வரும் அறிக்கையைவிட விரைவாகப் பரிசீலனையைக் கடந்துவிடும்.